வெளித்தண்ணீர்

ஒரு கோப்பை, அரைக் கோப்பை, கால் கோப்பை. பெரிய கரண்டி ஒன்று, சின்னக் கரண்டி ஒன்று. உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசு. எல்லாம் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது என் வேலை. நீர்வளத் துறையில் ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

தண்ணீர்த் துறைக்கு ஊரார் சாப்பாட்டில் என்ன அக்கறை என்று கேட்காத வீடு இல்லை. எங்களிடம் ஓர் அட்டவணை உண்டு. ஒரு கிலோ அரிசி விளைய ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ கோழிக்கறிக்கு நாலாயிரத்துச் சொச்சம். பெரும்பாலும் கோழி தின்ற தீனிக்குப் போன தண்ணீர் அது. உருளைக்கிழங்குக்கு முந்நூறுகூட ஆகாது. தட்டில் இருப்பதை அளந்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீரைச் சொல்லிவிடலாம். வேறெங்கோ விளைந்து கடை வழியாக வந்த சாப்பாட்டில் இருப்பதை நாங்கள் வெளித்தண்ணீர் என்போம்.

அந்த வருடம் அணை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊர்க் கோடியில் நான்கு வாய்க்கால்கள். ஒவ்வொன்றின் கரையிலும் ஒரு தெரு, தெருவுக்குப் பின்னால் வீட்டுக்கொரு தோட்டம். கோடையில் இரண்டு வாய்க்காலுக்குத்தான் தண்ணீர் விட முடியும் என்றானது. வெளித்தண்ணீர் குறைவாக உள்ள இரண்டு தெருக்களுக்கு விடுவது என்று துறை முடிவு செய்தது. தோட்டத்தை நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில். வாங்கிச் சாப்பிட முடிகிறவர்கள் ஒரு கோடை பொறுத்துக்கொள்ளலாம். நியாயமான முடிவு என்றுதான் எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

மூன்றாவது வாய்க்கால் கரையில் என் அக்கா குடியிருந்தாள்.

அக்கா, மாமா, இரண்டு பெண்கள். மாமா டயர்க் கடையில் வேலை பார்த்தவர். முதுகு போனபின் அரை நாள்தான் போகிறார். மீதி நேரம் தோட்டம். பீன்ஸ் கொடி, உருளைக்கிழங்கு, சோளம், பூசணி, கீரை. வாரத்தில் ஆறு நாள் அவர்கள் வீட்டுச் சட்டிக்குள் போவது அங்கிருந்து வந்ததுதான். அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகள் அப்படித்தான்.

உறவினர் இருக்கும் தெருவை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. தெருக்களை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்த அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவைப் பார்த்து நாலு மாதம் ஆகியிருந்தது. வேலையோடு வேலையாக ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். தப்பாக எதுவும் எழுதப்போவதில்லையே என்றும் நினைத்தேன். முப்பத்திரண்டு வீட்டில் பத்து வீட்டைக் குலுக்கலில் எடுத்தார்கள். அக்கா வீட்டு எண்ணும் வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

பத்து வீட்டுக்கும் கடிதம் போயிற்று. புதன்கிழமை காலை வருவோம், சமைக்கிற ஆள் வீட்டில் இருக்க வேண்டும். நான் அக்காவைத் தனியாகப் போனில் கூப்பிட்டேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டாள். நாலு பேர் என்றேன். சாப்பிடமாட்டோம், கணக்கெடுக்கும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆறு வருடப் பழக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல எனக்கு ஆகியிருந்தது.

புதன்கிழமை நாங்கள் போகவில்லை. அச்சாகி வந்த படிவத்தில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தது. அந்தப் பக்கத்தைத் தனியாக நகல் எடுத்து, மற்ற ஊர்களுக்கும் சேர்த்து அறுநூறு படிவங்களைப் பிரித்துச் சேர்த்துப் பின்னடித்தோம். மாலை வரை அதே வேலை. நடுவில் அக்காவுக்கு ஒரு போன் போடலாம் என்று தோன்றியது. கையில் பின்னடிக்கும் கருவி இருந்தது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை போனோம். மற்ற இருவர் தெருவின் மறுகோடிக்குப் போனார்கள். என்னோடு மேற்பார்வையாளர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். ஆபீசில் அவருக்கு நெட்டை என்று பெயர். எந்த வீட்டு வாசலிலும் குனிந்துதான் நுழைவார், நிமிரும்போது இடித்துக்கொள்வார். படிவங்கள் அன்று மாலையே தலைமை அலுவலகம் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கவலை. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் வீடு லாரி ஓட்டுகிறவர் வீடு. நேற்று மதியம் சோறு, கோழி என்றார் அவர். கோப்பையை நீட்டினேன். அரைக் கோப்பை என்று காட்டினார். இரண்டாவது வீட்டிலும் சோறு, கோழி, அவித்த முட்டை. ஒரு புதன்கிழமைக்கு இது அதிகம். நெட்டையும் புருவத்தை உயர்த்தினார். பரவாயில்லையே, தெரு நன்றாகத்தான் சாப்பிடுகிறது என்றார்.

மூன்றாவது அக்கா வீடு.

அக்கா கதவருகிலேயே நின்றிருந்தாள். நெட்டையைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. நான் “உட்காருங்கக்கா” என்றேன். அக்கா என்று யாரையும் கூப்பிடலாம் என்பது அன்று எனக்கு வசதியாக இருந்தது. அவளும் புரிந்துகொண்டு என்னைப் புதியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வரிசையாகக் கேட்டேன். காலை, இடையில், மதியம், மாலை, ராத்திரி. மறந்ததைப் பிடிக்க இன்னொரு சுற்று. பிறகு அளவு. மதியம் சோறு ஒன்றரைக் கோப்பை, கோழி அரைக் கோப்பை, முட்டை ஒன்று என்றாள். ராத்திரியும் அதேதான், அளவு கொஞ்சம் குறைவு. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கடையில் வாங்கியது.

அவள் பேசப் பேச எனக்கு விளங்கியது. நாலு பேர் வருகிறார்கள் என்று சமைத்திருக்கிறாள். தங்கை ஆபீசிலிருந்து வருகிற நாலு பேர். அடுப்படியில் பெரிய பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது. அந்தப் பாத்திரத்தை நான் கடைசியாகப் பார்த்தது அவள் பெரிய பெண் பிறந்தபோது. மற்ற வீடுகளுக்குக் கறி எப்படிப் போயிற்று என்பது மட்டும் அப்போது புரியவில்லை. பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் கடிதத்தை நம்பி அந்த வீடுகளில் ஆட்கள் வேலைக்குப் போகாமல் காத்திருந்திருக்கிறார்கள். மதியம் வரை பார்த்துவிட்டு, என் தங்கை ஆபீசால் உங்களுக்கு ஒரு நாள் கெட்டது என்று சொல்லி, அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் கிண்ணம் எடுத்துப் போயிருக்கிறாள். காத்திருந்த வீடுகளுக்கு மட்டும். குலுக்கலில் வந்த பத்தில் எட்டு வீடுகளுக்கு.

படிவத்தின் கடைசிக் கேள்வி: நேற்று வழக்கமான நாளா? இல்லை என்றால் அந்தப் படிவத்தை ரத்து செய்துவிட்டு இன்னொரு நாள் வந்து கேட்க வேண்டும்.

“நேத்து வழக்கமான நாள்தானாக்கா?”

அக்கா நெட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுல எப்பவும் இப்படித்தான்” என்றாள்.

“இது தெரியாம நான் வேற வீட்டுல மாப்பிள்ளையா போயிட்டேனே” என்றார் நெட்டை. அக்கா சிரித்தாள். அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

ஏன் போட்டேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். சொன்னதை எழுது, பார்த்ததை எழுதாதே என்பது எங்கள் பயிற்சியின் முதல் பாடம். அதன்படி நான் செய்தது சரி. அவள் பொய்யை நெட்டை முன்னால் உடைக்க மனம் வரவில்லை. அதுவும் உண்மை. ஆனால் அவள் பொய் உடைந்தால் என் பொய்யும் உடையும். அதுதான் முதல் காரணம். மற்றதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரி. ஜன்னலோரம் மெஷின். பள்ளிக்கூடப் பைகள் தைத்து அடுக்கி வைத்திருந்தாள். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். நெட்டை வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். சோறு, கோழி என்று அவளும் சொன்னாள். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எங்கள் படிவத்தில் இரண்டே கட்டம்: சொந்தத் தோட்டம், வெளியிலிருந்து. பக்கத்து வீட்டுக் கிண்ணத்துக்குக் கட்டம் இல்லை. வெளியிலிருந்து என்று குறித்தேன்.

வழக்கமான நாளா என்று கேட்டேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

“உங்க அக்கா என்ன சொன்னா?”

ஒரு வீட்டுப் பதிலை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது. அது விதி. அந்த விதியை மட்டும் அன்று ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

“சரி, அவ சொன்னதையே எனக்கும் எழுதிக்க” என்றாள் தையல்காரி. “அவ போட்ட சோத்தைத் தின்னுட்டு அவளைப் பொய்க்காரி ஆக்க முடியாது.”

மாலை நாலு மணிக்கு நெட்டை படிவங்களை வாங்கி எண்ணிப் பார்த்துப் பெட்டியில் வைத்தார். முழுசாக முடித்த தெரு அது ஒன்றுதான் என்று பாராட்டினார்.

மறுசரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி, எழுதியவருக்குத் தெரியாமல், ஐந்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பக் கேட்பார். நான் அதைத்தான் நம்பியிருந்தேன். யார் வாயிலாவது உண்மை வந்துவிடும், நான் சொல்ல வேண்டியிருக்காது. பத்து நாள் கழித்து அந்த அதிகாரி அம்மா என்னை ஆபீஸ் மாடிப்படியில் பார்த்தார். லாரிக்காரர் வெளியூர் போயிருந்தாராம். மூன்றாவது வீட்டு அம்மா மட்டும் இருந்தாராம். அக்காவைத்தான் சொன்னார். என் படிவத்தோடு ஒரு கரண்டி அளவுகூட மாறவில்லை என்றார். இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர்கள் குறைவு என்றார். நான் நன்றி சொன்னேன்.

முதல் தேதி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். முதல் வாய்க்காலும் நான்காவதும் திறந்திருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் மூடப்படும். நான்காவது தெருவுக்கும் மூன்றாவது தெருவுக்கும் வித்தியாசம் ஆளுக்கு அறுபது லிட்டர் வெளித்தண்ணீர். ஒரு சின்னத் துண்டுக் கோழிக்கறி அளவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா தோட்டத்தில் வெறும் வாய்க்காலுக்குள் நின்றுகொண்டிருந்தார். அவர் தண்ணீரைக் காலால் அளப்பவர். கணுக்கால் என்றால் கீரைக்குப் போதும், முழங்காலுக்குப் பாதி வந்தால் உருளைக்கிழங்குக்கும் விடலாம். இப்போது அவர் செருப்பில் ஒட்டுவதற்குச் சேறுகூட இல்லை.

“வாங்க ஆபீசரம்மா” என்றார். “ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க. நீங்க அளந்துட்டு ஆத்தையே மூடிட்டீங்க.”

அவருக்கு என் மேல் கோபமா, அக்கா மேல் கோபமா என்று தெரியவில்லை. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

உள்ளே அக்கா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். இது என் அக்கா வீடு, அன்று விருந்து, இந்த வீட்டோடு சேர்த்து ஒன்பது வீட்டுப் படிவம் தப்பு. அவள் தலை நிமிரவில்லை. மறுசரிபார்ப்புக்கு வந்த அம்மாவிடம் ஏன் மறுபடியும் அதையே சொன்னாய் என்று கேட்டேன்.

“பின்னே? நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு சொன்னா யாரைப் பிடிப்பாங்க? என்னையா? உன்னைத்தானே?”

“என்னைப் பிடிச்சா பிடிக்கட்டும்.”

“பிடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி. தோட்டம் அடுத்த வருஷம் வரும். வேலை வருமா?”

அவள் பொறுக்கிய கல்லை ஜன்னல் வழியாக எறிந்தாள்.

“நான் ஒண்ணும் யாருக்கும் விஷம் வைக்கலை. சோறுதான் போட்டேன்” என்றாள். “அது எப்படித் தப்பாகும்னு எனக்கு இன்னும் புரியலை. விடு. நீ எழுதாத.”

நான் எழுதவில்லை. அக்கா சொன்னதால் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போனேனோ என்னவோ.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். முதல் வாரம் கீரை படுத்தது. மாமா தெருக்குழாயிலிருந்து டப்பா டப்பாவாகத் தண்ணீர் சுமந்து பூசணிக்கு மட்டும் ஊற்றினார். முதுகு பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் டயர்க் கடைக்கும் போகவில்லை. இரண்டாம் வாரம் பீன்ஸ் பூவெல்லாம் உதிர்ந்தது. உருளைக்கிழங்கைத் தோண்டிப் பார்த்தார்கள். கோலிக்குண்டு அளவு. அதையும் தின்றார்கள்.

அக்கா வீட்டில் இப்போது கடை அரிசி, கடை ரொட்டி, பாக்கெட்டில் வரும் நூடுல்ஸ். அளவு பாதியாகிவிட்டது. ஆனால் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது. எங்கள் படிவத்தை வைத்து அன்று மறுபடி கணக்கெடுத்திருந்தால், அந்தத் தெரு முன்பைவிட வசதியாக இருக்கிறது என்றுதான் வந்திருக்கும். தட்டு காலியாகக் காலியாக வெளித்தண்ணீரின் பங்கு ஏறிக்கொண்டே போகும். ஆறு வருடம் அந்தக் கோப்பைகளைத் தூக்கிச் சுமந்தும் இது எனக்குத் தோன்றியதில்லை.

தெருவில் கிண்ணம் போய் வருவது நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு நான் திரும்பும்போது தையல்காரி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“கோழி மூணு, வாய்க்கால் ஒண்ணு. நல்ல வியாபாரம்” என்றாள்.

நீங்களும்தானே அதையே எழுதச் சொன்னீர்கள் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

“சொன்னேன். உங்க அக்கா எனக்குச் சோறு போட்டா, அவ மானத்தை நான் காப்பாத்தினேன். அவ உன் மானத்தைக் காப்பாத்தினா. நீ யாரைக் காப்பாத்தின?”

பதிலுக்குக் காத்திருக்காமல் மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். ஊசிக்கு அடியில் வெறும் துணியில்லை, பை இருந்தது. அவளுக்கு நிஜமாகவே வேலை இருந்தது. நான்தான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு அக்கா பெண்கள் இருவரையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மதியம் சாப்பிட்டார்கள். பெரியவள் இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள். சின்னவள் போதும் என்றாள். நான் தண்ணீர் எடுக்க எழுந்து திரும்பியபோது, அவள் ரொட்டி இரண்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். திரும்பக் கொண்டுபோய் விடும்போது பேருந்தில் அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் சித்தி என்றாள்.

மறுநாள் காலை ஆபீஸ் போனதும் எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. நெட்டையிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். திட்டவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு இன்ஜினியர் அறைக்குப் போனார்.

இன்ஜினியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்தருகே வைத்துப் படிப்பவர். படித்து முடித்து மேசை மேல் வைத்தார். ஒரு பதிவேட்டை எடுத்துத் திறந்து என் பக்கம் திருப்பினார். அணையின் தினசரி நீர்மட்டம். ஓரிடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

“பதினஞ்சாம் தேதியே கோட்டுக்குக் கீழ போயிடுச்சு. இனிமே குடிக்க மட்டும்தான். நாளைக்கு நாலாவதையும் மூடறோம், முதலாவதையும் மூடறோம்.”

பதினைந்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் என்று கேட்டேன்.

“மாத்தியிருக்கலாம். நாலாவதை மூடிட்டு மூணாவதைத் திறந்திருப்போம். ரெண்டு வாரம் ஓடியிருக்கும்.”

அன்று இருபத்திரண்டாம் தேதி. இரண்டு வாரத்தில் பீன்ஸ் காய்த்திருக்கும். உருளைக்கிழங்கு கோலிக்குண்டைத் தாண்டியிருக்கும்.

நான்காவது தெருவில் அந்த இரண்டு வாரமும் வேறு யாரோ காய் பறித்திருப்பார்கள். அவர்களுக்கும் தோட்டம்தான். அதையும் நினைத்துப் பார்த்தேன். ஆறுதலாக இல்லை.

என்னை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. நெட்டைதான் பதில் சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் பத்துப் பதினைந்து படிவம் தப்பாக வரும். அதற்கென்று ஒரு பச்சைத் தாள் இருக்கிறது. நிரப்பிக் கொடுத்தால் அந்த வீடுகளை மட்டும் வேறு ஆளை அனுப்பித் திரும்பக் கேட்பார்கள். உறவினர் விஷயத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் வாங்கிக் கோப்பில் வைப்பார்கள். போன வருடம் அவரே ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார், மைத்துனன் தெருவுக்குப் போனதற்காக.

“முத நாளே என் காதுல போட்டிருக்கலாமே” என்றார். “நான் என்ன புலியா?”

பச்சைத் தாளை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் காட்டினார்கள். அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அது அடுத்தவர்கள் தப்புக்கு என்று எனக்குள் எப்படியோ பதிந்துபோயிருந்தது.

அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல் பூட்டியிருந்தது. பின்பக்கம் போனேன். அக்காவும் மாமாவும் தோட்டத்தில் பீன்ஸ் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த கொடி குச்சியைச் சுற்றி இறுகியிருந்தது. அக்கா அதை நகத்தால் பிரித்து எடுத்தாள். குச்சி அடுத்த முறைக்கு வேண்டும், ஒடியக் கூடாது.

எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அக்காவின் கை நின்றது. தண்ணீர் வருமா என்று மாமா கேட்டார். வராது, எல்லா வாய்க்காலும் நாளை மூடப்படும் என்றேன். மாமா தலையை ஆட்டினார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

அக்காவுக்குத் தண்ணீர் பற்றி அக்கறை இல்லை.

“வேலை?” என்றாள்.

“இருக்கு.”

அவள் மூச்சு விட்டாள். முகம் தெளிந்தது. மூன்று வாரமாக எதை நினைத்து வாயைக் கட்டியிருந்தாளோ அது காப்பாற்றப்பட்டுவிட்டது. குனிந்து மறுபடி கொடியைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் எல்லாம் என்று அன்று காலையிலிருந்து மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இனி எதையும் மறைப்பதில்லை என்று பேருந்தில் வரும்போதே தீர்மானித்திருந்தேன்.

“வேலை போயிருக்காதுக்கா. முத நாளே சொல்லியிருந்தாலும் போயிருக்காது. அதுக்கு ஒரு தாள் இருக்கு. நிரப்பிக் கொடுத்தா போதும். யாரையும் அனுப்ப மாட்டாங்க.”

அவள் நிமிரவில்லை. கொடி முழுதும் பிரிந்து கையோடு வந்தது. அதை மடித்துக் கீழே வைத்தாள். குச்சியைப் பிடுங்கி மண்ணைத் தட்டினாள். எட்டு வீட்டுக்குக் கிண்ணம் எடுத்துப் போன கை. வந்த அதிகாரியிடம் இரண்டாம் முறையும் அரைக் கோப்பை என்று காட்டிய கை.

“அதை நீ எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்” என்றாள்.

மாமா குச்சிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்றை இழுத்தார். முடிச்சு விழவில்லை. நான் போய்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.